கப்பல் கரையில் நிற்கும் எட்டு மணி நேரம்

போன வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தோழி கூப்பிட்டாள். ஆகஸ்டில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து நார்வே ஃபியோர்டுகளுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக நுழைந்து கிடக்கும் இடங்களுக்கு, கப்பலில் போகிறாள். டிக்கெட் எல்லாம் போட்டாயிற்று. இப்போது கப்பல் கம்பெனியிலிருந்து தினமும் ஒரு மெயில். இந்த ஊரில் இந்தச் சுற்றுலா, அந்த ஊரில் அந்தச் சுற்றுலா, இடம் தீர்ந்துவிடும், சீக்கிரம் எடுங்கள் என்று. நாலு ஊருக்கும் மூணு பேருக்குக் கூட்டிப் பார்த்திருக்கிறாள், மலைத்துப் போய்விட்டாள்.

"அக்கா, நாமளே தனியா ஏற்பாடு பண்ணிக்கிட்டா ஆபத்தா? லேட்டாயிட்டா கப்பல் விட்டுட்டுப் போயிருமாமே?"

போய்விடும். அதில் சந்தேகமே வேண்டாம். கப்பல்காரர்களே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த ஊருக்கு அவர்கள் செலவில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். நாமே போனால் அந்தப் பொறுப்பு முழுக்க நம் தலையில். இந்த ஒரு பயத்தை வைத்துத்தான் எல்லாவற்றையும் விற்கிறார்கள். ஆனால் நார்வேயின் ஃபியோர்டு ஊர்களுக்கு இந்தப் பயம் தேவைக்கு மீறியது என்பது என் உறுதியான கருத்து. எல்லா நாட்டுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ரோம் பார்க்கப் போகிறவர்களைக் கப்பல் இறக்கிவிடும் துறைமுகத்திலிருந்து நகரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கே யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் ஃப்ளோம் என்ற நார்வே ஊரில் கப்பல் படியிலிருந்து இறங்கினால் ரயில் நிலையம் நாலு எட்டு நடை. ரயிலில் உட்கார்ந்தபடியே நம் கப்பலின் புகைபோக்கியைப் பார்க்கலாம்.

போன வருஷம் ஜூனில் நானும் என் வீட்டுக்காரரும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்கால் மடங்காது. ஃப்ளோம், கெய்ராங்கர், ஓல்டன், பெர்கன் என்று நாலு ஊர். நாலிலும் ஒரு கப்பல் சுற்றுலாகூட நாங்கள் எடுக்கவில்லை.

முதலில் ஃப்ளோம் ரயிலைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதிகக் காசு விடுவது அங்கேதான். கடல் மட்டத்திலிருந்து மலை மேல் இருக்கும் மிர்டால் நிலையம் வரை 20 கிலோமீட்டரில் 866 மீட்டர் ஏறுகிறது. 20 சுரங்கங்கள், அதில் பதினெட்டு சுரங்கங்கள் கையாலேயே குடைந்தவை. 1940இல் ஓடத் தொடங்கிய பாதை. போய்வர இரண்டு மணி நேரம். கப்பல் சுற்றுலா என்று நீங்கள் வாங்குவதும் இதே ரயில், இதே பாதைதான். கூட ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் கப்பலில் அதற்குக் கேட்ட விலை நான் ரயில்காரர்களிடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கப்பல் வரும் நாட்களில் பெட்டி பெட்டியாகக் கப்பல் கூட்டங்களுக்கு முன்பதிவாகிவிடும். அன்று காலையில் கவுன்ட்டரில் போய் நின்றால் மதியத்துக்கு மேல்தான் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். கப்பல் டிக்கெட் போட்ட கையோடு ரயில் டிக்கெட்டையும் பார்த்துவிட வேண்டும்.

ரயில் ஷோஸ்ஃபோசென் அருவியில் ஐந்து நிமிடம் நிற்கும். மரப் பலகை போட்ட மேடை. சாரலில் மூக்குக் கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியாது. திடீரென்று அருவிச் சத்தத்துக்கு மேல் பாட்டு எழும்பும். பாறைக்கு நடுவே சிவப்புப் பாவாடை கட்டிய ஒரு பெண் கையை விரித்து ஆடுவாள், மறைவாள், அடுத்த நிமிஷம் வேறொரு பாறையில் தெரிவாள். ஹுல்ட்ரா என்று அவர்கள் ஊர்க் காட்டுப் பெண், ஆண்களை மயக்கிக் கூட்டிப் போகிறவள். கோடையில் நடனம் படிக்கிற பிள்ளைகள் வந்து வேடம் கட்டுகிறார்கள். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏண்டி, இது நம்ம மோகினில்ல?" என்றார். தலை நனைந்து, புடவை முந்தானை நனைந்து, வண்டி ஏறும்வரை அந்தப் பாறையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அன்று மதியம் இன்னும் நேரம் மிச்சம் இருந்தது. ஃப்ளோமிலிருந்து நேரோய் ஃபியோர்டு வழியாக குட்வாங்கென் வரை மின்சாரப் படகு போகிறது. இரண்டு மணி நேரம். திரும்பி வரப் பேருந்தில் இருபது நிமிடம். மிகக் குறுகிய இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் கெய்ராங்கரோடு சேர்ந்து இடம்பெற்ற ஃபியோர்டு இது. இன்ஜின் சத்தமே இல்லாததால் கரையில் ஆடு கத்துவது கேட்குமாம். ரயிலும் படகும் ஒரே நாளில் போட்டால் ஓட்டமாக இருக்கும் என்று அம்மாவுக்காக நாங்கள் படகை விட்டுவிட்டு, 650 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டேகஸ்டைன் காட்சி மேடைக்கு மினி பஸ்ஸில் போனோம். வயதானவர்கள் இருந்தால் அதுவே போதும். அடுத்த தடவை போனால் படகைத்தான் எடுப்பேன்.

கெய்ராங்கரில்தான் நான் தப்பு செய்தேன். அங்கே மிதக்கும் பாலம் ஒன்று உண்டு, அதில் ஒரு கப்பல்தான் நிற்க முடியும். மற்ற கப்பல்கள் நடுவில் நங்கூரம் போட்டு, சிறு படகில் ஆட்களைக் கரை சேர்க்கும். எங்களுக்கு முந்தி வந்த கப்பல் பாலத்தைப் பிடித்துவிட்டது. எட்டு மணிக்கு நங்கூரம் போட்டாயிற்று, நான் ஒன்பதரைக்கு டால்ஸ்னிபா மலைக்கு உள்ளூர்க்காரர்களின் மினி பஸ் பதிவு செய்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் தாராளம் என்று நினைத்தேன். ஆனால் படகில் முதல் உரிமை கப்பல் சுற்றுலாக் கூட்டத்துக்கு. அவர்கள் குழு குழுவாக இறங்கி முடித்த பிறகுதான் எங்களுக்கு எண் கூப்பிட்டார்கள். கரையில் கால் வைக்கும்போது மணி 9:50. பணம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

படகில் ஏறும்போதே அந்தப் பஸ்காரப் பெண்மணிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தேன். போய் நின்றதும், "உங்கள் கப்பலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், 10:45 வண்டியில் மூன்று இடம் வைத்திருக்கிறேன்" என்றார். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர்களில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கப்பல் நேரம்தான் கடிகாரம். எந்தக் கப்பல் எப்போது வருகிறது, எப்போது கிளம்புகிறது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒரு பயணியைக் கப்பல் தவறவிட வைத்தால் மறுநாள் பிழைப்பு கெடும் என்பதும் தெரியும். சிறு படகில் இறங்க வேண்டிய ஊர் என்றால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எதையும் பதிவு செய்யாதீர்கள். திரும்பும்போதும் படகுக்கு வரிசை இருக்கும், கடைசிப் படகை நம்பி நிற்கக் கூடாது.

டால்ஸ்னிபா 1,500 மீட்டர் உயரம். ஜூன் மாதத்தில் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரப் பனிச் சுவர். மேகம் மூடினால் மேலே ஒன்றுமே தெரியாது. முதல் நாள் இரவே யர் என்ற நார்வே வானிலைச் செயலியைப் பார்த்து, மூடியிருந்தால் மலையை விட்டுவிட்டு ஊருக்குள்ளேயே இருந்துவிடுங்கள். ஆற்று அருவியை ஒட்டி இரும்புப் படிகள் 327 இருக்கின்றன, ஏறி இறங்கக் காசு கிடையாது. என் வீட்டுக்காரர் அதில் ஏறிவிட்டு வந்து, மலையைவிட அதுதான் பிடித்தது என்றார்.

ஓல்டனில் பிரிக்ஸ்டால் பனிப்பாறைக்குப் போனோம். யோஸ்டடால்ஸ்ப்ரேன் என்ற பெரும் பனிப்பரப்பின் ஒரு கிளை அது. பஸ் முக்கால் மணி நேரம். அங்கிருந்து நடக்க முடியாதவர்களுக்கு ட்ரோல் கார் என்று திறந்த வண்டி இருக்கிறது, அதை மட்டும் மறக்காமல் முன்பதிவு செய்ய வேண்டும். அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஏரிக்குக் கால் மணி நேர நடை. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் நடந்தார். கப்பல் சுற்றுலாவில் போயிருந்தால் அந்த அரை மணியை யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். தொண்ணூறுகளில் இந்தப் பனி ஏரியையே மூடிக்கொண்டு முன்னால் வந்து நின்றது. இப்போது ஏரி வெறும் பச்சைத் தண்ணீர், பனி மேலே பாறையில் தொங்குகிறது. எதிரே பழைய படம் போட்ட பலகையையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அம்மா வெகுநேரம் பேசவில்லை.

பெர்கனுக்கு எதுவுமே பதிவு வேண்டாம். மழைக்கோட்டு போதும். ஃப்ளோயன் மலை ரயில் டிக்கெட்டைப் போனிலேயே வாங்கினால் வரிசையில் நிற்க வேண்டாம்.

கப்பல் சுற்றுலாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில கப்பல்கள் கெய்ராங்கருக்கு முன்னால் ஹெல்லசில்ட் என்ற ஊரில் கொஞ்ச நேரம் நின்று, சுற்றுலா எடுத்தவர்களை மட்டும் இறக்கிவிடும். அவர்கள் தரைவழியே மலை சுற்றி வந்து கெய்ராங்கரில் ஏறிக்கொள்வார்கள். அதைத் தனியாகச் செய்ய வழியில்லை. ஸ்டாவங்கர் என்ற இன்னொரு துறைமுக ஊரில் நின்றால், பிரேக்கஸ்டோலன் பாறைக்கு நடையே போய்வர நாலு மணி நேரம். கப்பல் நிற்கும் நேரம் குறைவாக இருந்தால் அதற்கும் கப்பலோடு போவதுதான் நல்லது.

நேரம் விஷயத்தில் நான் வைத்துக்கொண்ட கணக்கு இது: கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதை மட்டும் மனதில் வைத்து, அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். அப்புறம் கரையோரம் உட்கார்ந்து காபி குடிக்கலாம், யார் வேண்டாம் என்றது? இவை ஒரே சாலை உள்ள ஊர்கள், சாலைச் சுரங்கம் மூடினால் சுற்றுவழி பல மணி நேரம். அன்றைய கப்பல் தாளில் துறைமுக ஏஜென்டின் எண் இருக்கும், அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் மே 17 தேசிய நாளும் பஸ் நேரம் மாறும், பெரிய கடைகள் மூடியிருக்கும். கையில் காசு வேண்டாம், எல்லா இடத்திலும் கார்டுதான். இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு நார்வேக்கு ஷெங்கன் விசா தனி, பிரிட்டன் விசா திரும்பி நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் எனக்கு முக்கியம். கெய்ராங்கரில் வருஷம் முழுக்க வாழ்கிறவர்கள் இருநூறு சொச்சம் பேர். ஒரே கப்பலில் அதைப்போல் பத்துப் பதினைந்து மடங்கு ஆட்கள் வந்து இறங்குகிறோம், கப்பலிலேயே சாப்பிட்டு, கப்பலுக்கே காசு கொடுத்து, புகையை மட்டும் அங்கே விட்டுவிட்டு வருகிறோம். யுனெஸ்கோ பட்டியலில் உள்ள ஃபியோர்டுகளில் புகையில்லாக் கப்பல்தான் வரலாம் என்ற விதி சிறு கப்பல்களுக்கு 2026 தொடக்கத்திலிருந்து, பெரியவற்றுக்கோ 2032 வரை தள்ளிப்போயிருக்கிறது. அதுவரை நம்மால் ஆனது, அந்த மினி பஸ் பெண்மணிக்கு நேரடியாகக் காசு போய்ச் சேரும்படி செய்வது.

இதையெல்லாம் தோழிக்குப் போனில் ஒரு மணி நேரம் சொன்னேன். நேற்று ராத்திரி மெசேஜ் வந்தது: "அக்கா, ஃப்ளோம் ரயில் காலைல ஃபுல். 12 மணிக்கு நாலு சீட்டுதான் இருந்துச்சு. மூணு எடுத்துட்டேன்."