ஓசை இல்லாத யானை

ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை நடத்தும் ஆச்சிக்கு வயது அறுபத்தெட்டு. அவரிடம் வண்டி ஓட்டும் கருப்பையாவுக்கு ஐம்பத்திரண்டு. 2007-ஆம் ஆண்டு வாங்கிய, குட்டியானை என்னும் சிறு டீசல் சரக்கு வண்டியில் இருவரும் இத்தனை காலம் அருகருகே அமர்ந்து பயணம் செய்திருந்தும், எஞ்சின் இரைச்சலின் புண்ணியத்தால் ஒருவர் பேசியதை மற்றவர் முழுதாகக் கேட்டதே கிடையாது. அவர்களுக்குள் ஒரு நாளும் சண்டை வராததற்கு அதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

அன்று காலை காரைக்குடியில் மின்சாரக் குட்டியானையான டாடா ஏஸ் இ.வி.யைச் சோதனை ஓட்டத்துக்கு எடுத்தார்கள். பாரத்துக்கு மணல் மூட்டை ஏற்றித் தருவதாக விற்பனைப் பையன் சொன்னபோது, "மணல் மூட்டை குலுங்கினால் யாருக்கு நட்டம்?" என்று கேட்டுவிட்டு, ஆச்சி தம் பட்டறைக் கற்களையே வைக்கோல் இட்டுக் குத்துவாட்டில் அடுக்கச் சொன்னார். பத்தங்குலக் கல், ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோ, 200 கல். அந்த வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட 600 கிலோவும் அதோடு நிறைந்தது. உள்ளே இருக்கைகள் இரண்டே ஆதலால், பையன் தன் பெட்ரோல் ஸ்கூட்டரில் பின்தொடர வேண்டியதாயிற்று.

ஆச்சி: கருப்பையா, வண்டியைக் கிளப்பாமல் எதற்காகச் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிக்கொண்டிருக்கிறாய்?

கருப்பையா: கிளம்ப மாட்டேன் என்கிறது, ஆச்சி. மூன்று முறை திருகிவிட்டேன். ஓர் உறுமல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. நம் பழைய வண்டியாக இருந்தால் முதல் திருகலில் இருமி, இரண்டாவதில் தும்மி, மூன்றாவதில் தெரு முழுவதையும் எழுப்பியிருக்கும்.

ஆச்சி: அந்தப் பையன் வெளியே நின்று தலையில் அடித்துக்கொள்கிறான், பார். முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டதாம். இரண்டாவதில் நீ அதை அணைத்திருக்கிறாய். மூன்றாவதில் மறுபடியும் கிளப்பியிருக்கிறாய்.

கருப்பையா: (வாய்க்குள்) தான் உயிரோடு இருப்பதைச் சொல்லத் தெரியாத வண்டியை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிழைப்பது?

ஆச்சி: எந்த வண்டியும் பேசாது, கருப்பையா. நீ ஓட்டு.

கருப்பையா: (திடுக்கிட்டு) அது உங்கள் காதில் விழுந்துவிட்டதா?

ஆச்சி: விழாமல் என்ன? நீ எச்சில் விழுங்குவதுகூட எனக்குக் கேட்கிறது. கல்லூரிச் சாலைப் பக்கமாகப் போ. அது சரி, உன் இடது கால் ஏன் தரையை உதைத்துக்கொண்டே இருக்கிறது?

கருப்பையா: கிளட்சைத் தேடுகிறது, ஆச்சி. இந்த வண்டியில் கிளட்சும் இல்லை, கியர்த் தண்டும் இல்லை. முன்னே போக ஒன்று, பின்னே வர ஒன்று, நடுவில் சும்மா நிற்க ஒன்று என்று ஒரு திருகுகுமிழை மட்டும் வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளாக உழைத்த என் இடது காலுக்கு இன்றைக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

ஆச்சி: அப்படியானால் ஒரு காலுக்கு உரிய சம்பளத்தை நான் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா?

கருப்பையா: ஓய்வு பெற்ற காலுக்கு ஓய்வூதியம் கொடுப்பதுதான் முறை, ஆச்சி.

(வண்டி நகர்கிறது. 600 கிலோவைச் சுமந்துகொண்டு, ஒரு குலுக்கலும் இல்லாமல், சாலையில் ஏறுகிறது.)

ஆச்சி: பரவாயில்லையே! பாரத்தோடு கிளம்பும்போது நம் வண்டி இரண்டு முறை குதிரை போலத் துள்ளும். என் கழுத்துச் சங்கிலி ஒருமுறை பல்லில் பட்டிருக்கிறது. எங்கள் அப்பத்தாவின் வில்வண்டியில் போனது போல இருக்கிறது எனக்கு.

கருப்பையா: டீசல் எஞ்சின் ஓரளவு சுற்றிய பிறகுதான் முழு இழுவையையும் கொடுக்கும், அதுவரை நான் கிளட்சைப் பாதி மிதித்துக் கெஞ்ச வேண்டும். மின் மோட்டாருக்கு அந்தக் கெஞ்சலே வேண்டாம். நின்ற நிலையிலேயே தன் பலத்தை எல்லாம் காட்டிவிடும் என்று பையன் சொன்னான். 2005-ல் வந்த முதல் ஏஸில் 702 சி.சி., இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். இதன் மோட்டார் 36 குதிரைத்திறன் என்கிறார்கள். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, ஆச்சி. இதற்கும் மூக்கு இல்லை.

ஆச்சி: என்ன மூக்கு?

கருப்பையா: பொலிரோ பிக்கப்பைப் பாருங்கள்; முன்னால் மூக்கு நீட்டிக்கொண்டு, ஒரு மிராசுதார் நடந்து வருவதைப் போல வரும். ஒன்றேகால் டன்னுக்கு மேல் ஏற்றலாம். அதில் போய் இறங்கினால் சிங்கம்புணரியில் எனக்கு நாற்காலி போடுவார்கள். இதில் போனால், "ஐஸ் வண்டியா?" என்று கேட்பார்கள்.

ஆச்சி: உனக்கு நாற்காலி போடுவதற்காக நான் பொலிரோ வாங்க வேண்டுமா? குட்டியானையில் எஞ்சின் நம் இருக்கைக்கு அடியில் இருந்ததே, சித்திரை மாதத்தில் அது உனக்கு நினைவில்லையா? திருமயம் போய்ச் சேர்வதற்குள் இட்லிப் பானைமேல் உட்கார்ந்த மாவு போல நான் வெந்துவிடுவேன். இப்போது கை வைத்துப் பார். இருக்கை பனிக்காலத்துத் திண்ணை போலக் குளிர்ந்து கிடக்கிறது.

கருப்பையா: டல்லாஸில் உங்கள் பேரன் வாங்கியிருக்கும் வண்டிக்கு மூக்கு இருக்கிறதே, ஆச்சி. அதுவும் மின்சார வண்டிதானே?

ஆச்சி: ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். படம் அனுப்பினான். மூக்கு இருக்கிறது, மூக்குக்குள் எஞ்சின்தான் இல்லை. மூடியைத் திறந்தால் 400 லிட்டர் கொள்ளும் பெட்டி. அதில் வாழைப்பழமும் பால் புட்டியும் வைத்திருக்கிறான். வண்டியின் எடை மட்டும் ஏறத்தாழ மூன்று டன்.

கருப்பையா: மூன்று டன் வண்டியில் அவர் என்ன ஏற்றுகிறார்?

ஆச்சி: தன்னைத்தான் ஏற்றுகிறான். அலுவலகத்துக்குப் போகிறான், வருகிறான். பெரிய பேட்டரி வைத்த வகையில் 131 யூனிட் பிடிக்குமாம். இதில் இருப்பது 21.3 யூனிட். அப்படியென்றால் ஆறு குட்டியானைகளின் பேட்டரி சேர்ந்து அறுபது கிலோப் பையன் ஒருவனைச் சுமக்கிறது. ஒரே மின்னேற்றத்தில் 500 கிலோமீட்டர் ஓடும் என்று பெருமையாகச் சொன்னான். ஒரு நாள் யாருக்கோ வீடு மாற்ற உதவப் போய், பின்னால் பெரிய இழுவண்டியைக் கட்டிக்கொண்டு போனானாம். அந்தத் தூரம் பாதியாகிவிட்டது என்று அழுதான்.

கருப்பையா: பாரம் ஏற்றினால் எல்லாவற்றுக்கும் பாதிதான், ஆச்சி. கல்யாணம் ஆனவர்களைக் கேளுங்கள்.

ஆச்சி: இதற்கு 154 கிலோமீட்டர் என்று சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள். அது சோதனைக்கூடக் கணக்கு. நம் பாரம், வெயில், நீ மிதிக்கும் மிதி எல்லாவற்றையும் கழித்தால் நூறு, நூற்றுப்பத்து என்றுதான் நான் பேரேட்டில் எழுதுவேன். திருச்சிக்குப் போய்த் திரும்ப 170, 180 ஆகிவிடும். ஆகவே திருச்சிச் சரக்குக்கு இது உதவாது. சுற்று வட்டாரத்துக்குத் தாராளமாகப் போதும்.

கருப்பையா: வழியில் மின்னேற்றி நிலையம் இருக்கிறதே. போன மாதம் என் மைத்துனர் தம் மின்சாரக் காரை ஒரு நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தினாராம். திரையில் "வணக்கம்" என்று காட்டியதாம். அதன் பிறகு ஒரு மணி நேரம் வணக்கம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்ததாம்.

ஆச்சி: அதனால்தான் சொல்கிறேன், இரவில் பட்டறையிலேயே 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டிவிட வேண்டும். மணிக்கு மூன்றேகால் யூனிட் ஏறினாலும் ஆறரை, ஏழு மணி நேரத்தில் நிறைந்துவிடும். நீ குறட்டை விடும் நேரம் அதைவிட அதிகம்.

(வளைவு ஒன்றில் கருப்பையா மிதியிலிருந்து காலை எடுக்கிறார். வண்டி தானாகவே வேகம் குறைகிறது.)

கருப்பையா: ஐயோ, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிறார்கள்!

ஆச்சி: யாரும் இழுக்கவில்லை. காலை எடுத்தவுடன் மோட்டார் மின்னாக்கியாக மாறி, ஓடுகிற வேகத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் பேட்டரியில் வரவு வைக்கிறது. செலவழித்த முதலில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கேட்டு வாங்குகிற இந்த வண்டியை யார் கண்டுபிடித்தாரோ, அவர் பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்திருக்க வேண்டும்.

கருப்பையா: வட்டியும் சேர்த்து வருமா, ஆச்சி?

ஆச்சி: வராது. முதலே குறைந்துதான் வரும். ஆனாலும் டீசல் வண்டியில் பிரேக் மிதித்தால் அத்தனையும் சூடாகிக் காற்றோடு போயிற்று. அந்தக் கணக்கில் வரவு என்ற பத்தியே கிடையாது. அதோ, சிக்ரி வந்துவிட்டது. வேகத்தைக் குறை.

கருப்பையா: கும்பிடப் போகிறீர்களா?

ஆச்சி: கும்பிட்டால் தவறில்லை. மின்வேதியியல் ஆராய்ச்சிக்காக 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த இடம். 300 ஏக்கர் நிலத்தையும் 15 லட்சம் ரூபாயையும் அழகப்பச் செட்டியார் கொடுத்தார். "வெறும் பொட்டலில் எதற்கு இத்தனை பணத்தைக் கொட்டுகிறார்?" என்று அக்காலத்தில் சிலர் கேட்டதாக எங்கள் அப்பச்சி சொல்வார். உள்ளே இன்றைக்கும் லித்தியம் பேட்டரியை ஆராய்கிறார்கள். நீ என்னவென்றால் மூக்கு இல்லை என்று வருந்துகிறாய்.

கருப்பையா: (வாய்க்குள்) பேட்டரியை எல்லாம் ஆராய்கிறார்கள், என் சம்பளத்தை ஆராய ஒரு நிறுவனம் இல்லை.

ஆச்சி: கேட்டது.

கருப்பையா: கேட்டுவிட்டதா? நல்லதாகப் போயிற்று, இனி வெளிப்படையாகவே கேட்கிறேன். 2012 முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே போல வண்டியில் வைத்து நான் சம்பள உயர்வு கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீங்கள் சரி என்று தலையை ஆட்டினீர்கள். பிறகு ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. பெரிய மனிதர்கள் மறந்திருப்பார்கள் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

ஆச்சி: நான் எங்கே தலையை ஆட்டினேன்? வண்டி ஆட்டியது.

கருப்பையா: ஆச்சி!

ஆச்சி: நீயும்தான் ஆட்டினாய். "கல்லைப் பார்த்து ஓட்டு, பள்ளத்தில் விடாதே" என்று நான் சொன்னபோதெல்லாம் நீ தலையை ஆட்டினாய். அடுத்த பள்ளத்தில் விட்டாய். அதுவும் எஞ்சின் செய்த வேலைதானா?

(நீண்ட மௌனம். டயர் உருளும் ஓசை மட்டும் கேட்கிறது.)

கருப்பையா: பழைய வண்டியாக இருந்தால் இந்த நேரத்தில் பேச்சை மாற்ற ஒரு கியராவது மாற்றியிருப்பேன்.

ஆச்சி: கணக்கைக் கேள். நம் வண்டி பாரத்தோடு லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கிறது. டீசல் 90 ரூபாய்க்கு மேல். 100 கிலோமீட்டருக்கு 500 ரூபாய் போய்விடுகிறது. இது 100 கிலோமீட்டருக்கு 20 யூனிட் குடித்தாலும், யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்தாலும், 200 ரூபாய். மிச்சம் 300. ஆனால் டீசல் வண்டியைவிட விலையைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கூடுதலான ஒவ்வொரு லட்சமும் திரும்பி வருவதற்கு 33,000 கிலோமீட்டர் நீ ஓட்ட வேண்டும்.

கருப்பையா: ஓட்டுகிறேன், ஆச்சி. என் இடுப்பு ஒத்துக்கொண்டால்... ஆடு! ஆடு! (பிரேக்.)

(ஆட்டுக் கூட்டம் ஒன்று சாலையின் நடுவே, வண்டி வந்ததையே அறியாமல், அசைபோட்டபடி நிற்கிறது.)

ஆச்சி: நம் வண்டி கானாடுகாத்தானில் கிளம்பினாலே இவை பள்ளத்தூரில் வழி விடுமே!

கருப்பையா: இதற்கு மணி கட்ட வேண்டும், ஆச்சி. நிஜ யானைக்கே கட்டுகிறார்கள்.

(பின்னால் வந்த பையனின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு ஆடுகள் விலகுகின்றன. பட்டறை வாசலில் வண்டி நிற்கிறது. எப்போதும் சத்தம் கேட்டு ஓடிவந்து கதவைத் திறப்பவர்கள் இன்று வரவில்லை. ஆச்சியே இறங்கித் திறக்கிறார். கற்களை எண்ணுகிறார்கள்.)

ஆச்சி: 198 கல் முழுதாக இருக்கின்றன. இரண்டில் விரிசல்.

கருப்பையா: வழக்கமாக ஆறு, ஏழு போகும், ஆச்சி. இது மிக நல்ல வண்டி.

ஆச்சி: ஆறு, ஏழு போனபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? "வண்டியின் அதிர்வு, நான் என்ன செய்ய?" என்றாய். இந்த வண்டியில்தான் அதிர்வே இல்லையே. இரண்டு கல் எப்படி உடைந்தது?

கருப்பையா: (சற்று யோசித்து) ஆச்சி, இந்த வண்டி நமக்கு வேண்டாம். இதில் பழி போட ஒரு பாகமும் இல்லை.

ஆச்சி: அதற்காகவே வாங்கப் போகிறேன். பழையதைத் திருச்சிக்கு வைத்துக்கொள்வோம், இது உள்ளூருக்கு. ஏறு, பையனிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு வருவோம்.

(திரும்பும் வழியில் ஆச்சி சன்னலைப் பார்த்தபடி, பதினெட்டு ஆண்டுப் பழக்கத்தில், தமக்குள் முணுமுணுக்கிறார்.)

ஆச்சி: ஆட்டுக்கு முன்னால் நல்ல சமயத்தில் நிறுத்தினான். வேறு எவனாவது இருந்தால் கல்லும் போயிருக்கும், ஆடும் போயிருக்கும். தை மாதத்திலிருந்து இவனுக்கு இரண்டாயிரம் கூட்டிக் கொடுத்துவிட வேண்டியதுதான். இப்போதே சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

கருப்பையா: கேட்டது, ஆச்சி.