'கோடகன கோளி நுங்கித்தா' அஸ்வத் எழுதிய பாட்டா?

"கோழி குரங்கை விழுங்கியது" என்று தொடங்கும் கன்னடப் பாட்டைப் பாடகரும் இசையமைப்பாளருமான சி. அஸ்வத்தே எழுதி, 1990-இல் வந்த படத்துக்காக மெட்டமைத்தார் என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. பாதிதான் சரி. அந்தப் படத்துக்கு இசை அவர்தான். ஆனால் பாட்டு அவர் பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே மறைந்துவிட்ட சிசுநாள ஷரீப்புடையது (1819–1889). கர்நாடகத்தின் இன்றைய ஹாவேரி மாவட்டத்துக் கவிஞர். முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாக ஏற்றவர்.

ஆதாரம் பாட்டிலேயே இருக்கிறது. ஆடு யானையை விழுங்குகிறது, சுவர் சுண்ணாம்பை விழுங்குகிறது, ஆட வந்தவளை மத்தளம் விழுங்குகிறது. கடைசியில் குரு கோவிந்தரின் பாதம் "என்னையே" விழுங்கிவிடுகிறது. அந்த 'நான்' ஷரீப் அல்லாமல் வேறு யார்?

சினிமாதான் அஸ்வத்தை உருவாக்கியது என்று சொல்வதும் தவறு. 1976-இல் 'காகன கோட்டெ' படத்துக்கு இசையமைக்கும் முன்பே நாடக மேடைகளில் பழகிய கை அவருடையது. பெங்களூரில் தொலைபேசிக் கருவிகள் செய்யும் ஐ.டி.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டேதான் இதெல்லாம். அவருடைய பெரிய வேலை, கவிஞர்களின் வரிகளை உரத்த குரலில் ஜனங்களிடம் கொண்டுபோனது. பேந்த்ரே, கே.எஸ். நரசிம்மசுவாமி கவிதைகளையும் அப்படித்தான் பாடினார். அவற்றையும் அவரே எழுதினார் என்று யாராவது கிளப்பிவிடாமல் இருந்தால் சரி.

அப்புறம், அஸ்வத் "பிறந்த நாளன்றே இறந்தார்" என்பதைச் சிலர் கட்டுக்கதை என்கிறார்கள். அது உண்மை: 1939 டிசம்பர் 29, 2009 டிசம்பர் 29.