நாற்பதை நெருங்கும்போது வரும் சீருடை ஆசை

பாதி நிரப்பிய விண்ணப்பப் படிவம் ஒன்று ஒன்பது ஆண்டுகளாக என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. பகுதிநேரப் படை ஒன்றில் சேர்வதற்கானது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. இப்போது நண்பர் ஒருவர் முப்பத்தெட்டு வயதில் அதே ஆசையோடு வந்து, “சேரலாமா?” என்று இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், படையில் சேர்வதற்கான அந்த வயது வரம்பு. அதற்குள் தாம் அடங்கிவிட்டோம் என்று துள்ளுகிறவர்களும், ஒரு வயதில் தவறவிட்டோமே என்று நொந்துகொள்கிறவர்களும் அந்த எண்ணைத் தங்கள் உடம்புக்குக் கொடுத்த மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்கிறார்கள். அது படையின் ஆள் பஞ்சத்தைக் காட்டும் எண். இராக்கில் போர் இழுத்துக்கொண்டே போனபோது, அமெரிக்கத் தரைப்படை 35 ஆக இருந்த உச்சவரம்பை 2006ஆம் ஆண்டுக்குள்ளாகவே முதலில் 40, பிறகு 42 என்று ஏற்றியது. 2011இல் மறுபடியும் 35க்கு இறக்கியது. அந்த ஐந்து ஆண்டுகளில் மனிதர்களின் முழங்கால் திடீரென்று வலுப்பெற்று மறுபடி தேய்ந்துவிடவில்லை. இளைஞர் தொகை சுருங்கிய ஜப்பான் 2018இல் தன் வரம்பை 26இலிருந்து 32 ஆக்கியது. இந்தியாவில் 2022இல், நான்கு ஆண்டுக்கு மட்டும் வீரர்களை எடுக்கும் அக்னிபத் திட்டத்தை அறிவித்தபோது 21 என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 ஆயிற்று. வேறு வேலையில் இருப்பவர்களுக்கான பிராந்திய ராணுவத்திலோ அதிகாரியாக விண்ணப்பிக்க 42 வயது வரை இடம் உண்டு. முதல் உலகப் போரில் பிரிட்டன் 1916இல் 41 வயது வரையிலான ஆண்களைக் கட்டாயமாக அழைத்தது. 1918இல் நிலைமை முற்றியதும் அந்த வரம்பை 51 ஆக்கிச் சட்டம் போட்டது. ஆகவே, “என்னை எடுத்துக்கொள்வார்களாம்” என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க வேண்டாம் என்றேன்.

உடம்பைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, பட்ட அனுபவம் மட்டும் உண்டு. விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து நான்கு மாதம் ஓடினேன். மூச்சு ஆறே வாரத்தில் வழிக்கு வந்துவிட்டது. அதை நம்பி வேகத்தைக் கூட்டியதுதான் வினை. இருபது வயதில் இரண்டு நாளில் ஆறுகிற குதிகால் வலி, முப்பத்தாறில் குடிவந்து தங்கிவிட்டது. நுரையீரல் சொன்ன பேச்சைக் கேட்கும். தசைநாணுக்கும் எலும்புக்கும் அவகாசம் வேண்டும். புதிய வீரர்களுக்குப் பயிற்சியில் அடிக்கடி வரும் காயங்களில் ஒன்று கணுக்காலுக்கு மேலே முன்னெலும்பில் விழும் மெல்லிய விரிசல். ஓட்டத்தைவிட, முதுகில் சுமையோடு நடப்பதைத்தான் மாதக்கணக்கில் மெல்ல மெல்லப் பழக வேண்டும். ஆனாலும் வயது கடந்து சேர்ந்தவர்களிடம் கேட்டால் உடம்பை அவர்கள் இரண்டாவதாகத்தான் சொல்வார்கள்.

எனக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் முப்பத்தேழு வயதில், சொந்த வேலையை விடாமல் பயிற்சி எடுத்து, தேவைப்படும்போது அழைக்கப்படும் ரிசர்வ் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் பன்னிரண்டு பேரை மேய்த்தவர். நள்ளிரவில் மருத்துவரையே, “இந்த மருந்து வேண்டாம், அளவைப் பாருங்கள்” என்று நிறுத்தியவர். பயிற்சி முகாமில் முதல் நாளே அவருக்கு விழுந்த பெயர் ‘பாட்டி’. மூன்றாம் நாள் காலை, இருபத்து மூன்று வயதுக் கார்ப்பொரல் (சிறு அணியின் தலைவன்) ஒருவன் வந்து அவருடைய கட்டிலின் முன் நின்றான். விரிப்பின் மடிப்பு ஒரு விரற்கடை கூடுதல். உருவித் தரையில் போட்டான். மறுபடி விரித்தார். மறுபடி உருவினான். மூன்றாவது முறை அவர் மண்டியிட்டு, மெத்தையின் மூலையில் துணியைச் செருகி, அடையாளத்துக்கு ஆள்காட்டி விரலை வைத்து அளந்துகொண்டிருந்தபோது, தன் பிரிவில் சேர்ந்த புதுச் செவிலியர்களைத் தான் விரட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டாராம். சிரித்ததற்குத் தனியாகத் தண்டனை.

அவர் தாக்குப்பிடித்தார். காரணம் அந்தச் சிரிப்பு என்று நான் நினைக்கவில்லை. எதற்காக அங்கே வந்திருக்கிறோம் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. விபத்துக் காயங்களைப் பல ஆண்டு பார்த்தவர், அதே வேலையை மருத்துவமனை இல்லாத இடத்தில் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்தார். கட்டில் விரிப்பு அதற்கான நுழைவுச் சீட்டு, அவ்வளவுதான்.

எனக்கு அப்படி ஒன்று இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெகுகாலம் பிடித்தது. நாட்டுப்பற்று, ஒழுக்கம், கடமை என்று எனக்கு நானே பெரிய பெரிய சொற்களைச் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தது களைப்பு. வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளி, அப்பாவின் மருந்து, அலுவலகத்தில் யாரை நீக்குவது, யாரை வைத்துக்கொள்வது என்று நாளெல்லாம் முடிவெடுத்தே ஓய்ந்துபோனவனுக்கு, எழும் நேரம் முதல் காலணியின் பளபளப்பு வரை அத்தனையும் வேறொருவர் தீர்மானிக்கும் இடம் சொர்க்கமாகத் தெரிந்தது. நடுவயதில் சீருடைமேல் ஆசைப்படுகிற ஆண்களில் பாதிப்பேருக்கு இதுதான் நோய் என்பது என் சொந்த ஊகம். திட்ட வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

துக்கத்தில் சேர்கிறவர்களும் உண்டு. நடிகர் கிளார்க் கேபிள் 1942 ஆகஸ்டில், 41 வயதில், புகழின் உச்சியில் இருந்தபோது அமெரிக்கப் படையில் சேர்ந்தார். அந்த ஜனவரியில்தான் அவருடைய மனைவி கரோல் லம்பார்ட், போர்க்கடன் பத்திரங்களுக்காகப் பிரசாரம் செய்துவிட்டுத் திரும்பும்போது விமான விபத்தில் இறந்திருந்தார். கேபிள் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தார், உயிரோடு திரும்பினார். அவர்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை.

தியோடர் ரூஸ்வெல்ட் கதை வேறு. 1898இல் ஸ்பெயினோடு போர் வந்ததும், 39 வயதில், கடற்படைத் துறையின் துணைச் செயலாளர் பதவியை உதறிவிட்டுத் தொண்டர் குதிரைப்படையில் கியூபாவுக்குப் போனார். அதுதான் அவரை அமெரிக்க ஜனாதிபதி மாளிகை வரை கொண்டுபோயிற்று என்பார்கள். வீட்டில் ஆறு பிள்ளைகள். மனைவி கடும் நோயிலிருந்து அப்போதுதான் தேறிக்கொண்டிருந்தார். கடைக்குட்டி குவென்டினுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. 1917இல், 58 வயதில், மறுபடியும் ஒரு படை திரட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போகிறேன் என்று கேட்டார். ஜனாதிபதி வில்சன் மறுத்துவிட்டார். பிள்ளைகள் போனார்கள். 1918 ஜூலையில் குவென்டின் தன் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டான். இருபது வயது. அப்பனின் வீரத்தைப் புகழ்கிறவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பணக் கணக்கு ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் முழுநேர அதிகாரி ஒருவருக்கு வழக்கமான ஓய்வூதியம் கிடைக்க இருபது ஆண்டு சேவை வேண்டும். முப்பத்தெட்டில் தொடங்குகிறவர் கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும். பிடிக்கவில்லை என்றால் ராஜினாமாக் கடிதத்தை நீட்டிவிட்டு வரவும் முடியாது. வெளிநாட்டவரைச் சேர்த்துக்கொள்ளும் பிரெஞ்சு அயல்நாட்டுப் படை 39½ வயது வரை ஆள் எடுக்கிறது. முதல் ஒப்பந்தமே ஐந்து ஆண்டு. அமெரிக்காவில் நான்கு ஆண்டு என்று கையெழுத்திட்டாலும் மொத்தக் கடமைக்காலம் பொதுவாக எட்டு ஆண்டு, மீதி ரிசர்வில் கழியும். போர் வந்தால் கூப்பிடுவார்கள். அதற்குத்தானே படை?

அதனால் நண்பரிடம் என் அபிப்பிராயத்தை ஒளிக்கவில்லை. அங்கே போய்ச் செய்ய விரும்பும் வேலையின் பெயரை ஒரே சொல்லில் சொல்ல முடிந்தால், முதலில் ரிசர்வில் போய்ப் பாருங்கள். சொல்ல முடியாமல் ‘வாழ்க்கையில் ஒரு மாற்றம்’ என்று இழுத்தால், இரண்டு மாதம் விடுப்பு எடுத்துத் தூங்குங்கள்.

என் படிவம் எங்கே நின்றது என்று சொல்லவில்லையே. பெயர், கல்வி, உயரம், கண்பார்வை எல்லாம் எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில், ‘அவசரத்தில் தகவல் தெரிவிக்கப்பட வேண்டிய நெருங்கிய உறவினர்’. மனைவியின் பெயரை எழுதி, தொலைபேசி எண்ணில் நான்கு இலக்கம் போட்டதும் பேனா நின்றுவிட்டது. அவளிடம் நான் அதுவரை ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. ஓடுவது எதற்கு என்று கேட்டபோது, “சர்க்கரை வந்துவிடக் கூடாதே” என்று புளுகியிருந்தேன். அவளும் நம்பி, தினமும் இரவில் காலுறையை மடித்துக் காலணிமேல் வைத்துவிட்டுப் படுப்பாள். அன்று காலை, “அடிப்பாகம் தேய்ந்துவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்” என்றாள்.

நண்பரிடம் கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறேன்: வீட்டில் சொல்லிவிட்டீர்களா? நாலு நாளாகிறது. பதில் வரவில்லை.