சிதறால் மலையில் இருப்பது சிந்து எழுத்தா?

சிதறால் மலைப்பாறைக் கல்வெட்டின் படத்தைப் போட்டு, "குமரி மாவட்டத்தில் சிந்து எழுத்து! இன்றுவரை யாராலும் வாசிக்க முடியவில்லை" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அது வட்டெழுத்து, அதாவது தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து வடிவம். வளைவும் நெளிவுமாக இருப்பதால் பழகாத கண்ணுக்குப் புதிராகத் தெரியலாம், மொழி தமிழ்தான். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில் குணந்தாங்கிக் குரத்திகள் என்ற சமணப் பெண் துறவி, பகவதிக்குப் பொன் அணி அளித்த செய்தியைச் சொல்கிறது. காலம் 9ஆம் நூற்றாண்டு. திருவிதாங்கூர் தொல்லியல் துறை நூறாண்டுக்கு முன்பே இதைப் படித்து அச்சிட்டுவிட்டது. வாசிக்கப்படாத எழுத்து என்று பரப்பி, பொன் கொடுத்த அந்தப் பெண்ணின் பெயரையே மறைத்துவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

சிந்துவெளி நாகரிகத்தின் எழுத்தான சிந்து எழுத்தின் கதை வேறு. அது சிதறால் கல்வெட்டுக்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டு மூத்தது. முத்திரைகளில் சராசரியாக ஐந்து குறிகள்தான். இரு மொழியில் பொறித்த கல் ஒன்றும் கிடைக்கவில்லை. எகிப்திய எழுத்துக்கு ரொசெட்டா கல் உதவியதுபோல் இங்கே எதுவும் இல்லை. கல்வெட்டு ஆய்வாளர் ஐராவதம் மகாதேவன் 1977இல் 417 குறிகளைப் பட்டியலிட்டார். திராவிட மொழி என்ற கருத்து வலுவானதே, ஆனால் அனைவரும் ஏற்ற வாசிப்பு இன்னும் வரவில்லை. வாசித்துக் காட்டுபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்ததும் அதனால்தான்.

சந்தேகம் இருப்பவர்கள் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறிச் சிதறால் போய்ப் பாறையைப் பார்க்கலாம். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள்.