உப்பு ஆகாதவர்கள்

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். ஸ்காட்லாந்தில் ஒரு குன்றின் உச்சியில் ஒரு பைன் மரம், அதைச் சுற்றிக் கட்டித் தொங்கவிட்ட துணிகள், ரிப்பன்கள், வேண்டுதல் சீட்டுகள். கீழே வந்த கருத்துகள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. "வெள்ளைக்காரனுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டதா?" என்று சிரித்தது ஒரு கட்சி. "இது நம்முடைய மர வழிபாடு, இங்கிருந்துதான் அங்கே போனது" என்று மார்தட்டியது இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நீளம்தான். டீ போட்டுக்கொண்டு வாருங்கள்.

அந்தக் குன்றின் பெயர் டூன் ஹில். கிளாஸ்கோவிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் போனால் வரும் அபர்ஃபாயில் என்ற சிறிய ஊரை ஒட்டி இருக்கிறது. என்னைக் கூட்டிக்கொண்டு போனவர் அலுவலகத் தோழி, ஐம்பதைத் தாண்டியவர். தன்னை பேகன் என்று சொல்லிக்கொள்வார், கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டை இன்றைக்குப் பின்பற்ற முயல்பவர்களில் ஒருவர். அதிலும் ஃபேரி வழி, அதாவது குன்றிலும் மரத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்வதாக நம்பும் ஒரு கூட்டத்துக்குப் படையல் வைக்கும் வழி. வருஷத்துக்கு எட்டுப் பண்டிகை. வீட்டுக் கொல்லையில் ஒரு கல், பௌர்ணமிக்குப் பௌர்ணமி அதன்மேல் கொஞ்சம் பாலும் தேனும் ஒரு துண்டு ரொட்டியும். அதைப் பக்கத்து வீட்டுப் பூனைதான் குடிக்கிறது என்பது அவருக்கும் தெரியும். "பூனை மூலமாக வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்ன?" என்பார். காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு அது வந்து கொத்தும் வரை பட்டினியாக நின்ற வீட்டில் வளர்ந்தவன் நான். வாயைத் திறக்கவில்லை.

அந்த மரத்துக்கு ஒரு பாதிரியாரின் கதை இருக்கிறது. ராபர்ட் கிர்க், அபர்ஃபாயில் சபையின் போதகர். பைபிளின் சங்கீதங்களை ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பெயர்த்து 1684இல் அச்சிட்டவர், படித்தவர். குன்றுக்குள் வாழ்வதாகத் தன் மக்கள் நம்பிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தைப் பற்றி விசாரித்து, 1691-92 வாக்கில் ஒரு கையெழுத்துப் பிரதி எழுதினார். மனிதருக்கும் தேவதூதருக்கும் இடைப்பட்டவர்கள். திரண்ட மேகம் போன்ற உடம்பு. அந்தி மங்கலில்தான் கண்ணில் படுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுவார்கள். (வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கடைசி விவரம் புரியும்.) இப்படி ஒரு கூட்டம் இருப்பதை ஒப்புக்கொள்வது கடவுள் மறுப்பாளர்களுக்குச் சரியான பதில் என்பது அவர் எண்ணம்.

1692 மே மாதம் கிர்க் இறந்துபோனார். வழக்கமாக உலாவும் அந்தக் குன்றில் சுருண்டு விழுந்ததாகச் சொல்வார்கள். ஊர் வேறு கதை சொன்னது: ரகசியத்தை எழுதிவிட்டார், அதனால் உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அப்புறம் உறவினர் ஒருவருக்குத் தோன்றி, "நான் சாகவில்லை. என் பிள்ளையின் ஞானஸ்நானத்தன்று வருவேன், அப்போது என் தலைக்கு மேலே ஒரு கத்தியை வீசச் சொல், மீண்டுவிடுவேன்" என்றாராம். சொன்னபடி வந்தார். கத்தி வைத்திருந்தவர் திகைத்துப்போய் வீசவே இல்லை. கிர்க் இன்னும் அந்த மரத்துக்குள் இருக்கிறார். கல்லறை என்னவோ அபர்ஃபாயில் பழைய தேவாலயத்தில் இருக்கிறது, அதையும் பார்த்தேன். கையெழுத்துப் பிரதியை 1815இல் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் அச்சுக்குக் கொண்டுவந்தார்.

இந்தக் கதையில் இறக்கை இல்லை, மந்திரக்கோல் இல்லை, மின்மினி வெளிச்சம் இல்லை. இருப்பது பயம். இரும்பைக் கண்டால் அவர்கள் விலகுவார்கள், அதனால்தான் கத்தி. அவர்கள் தரும் சாப்பாட்டைத் தொட்டால் திரும்ப முடியாது. வாசலில் உப்பு. ஃபேரியை நாம் 'தேவதை' என்று தமிழில் எழுதிவிடுகிறோம், அந்தச் சொல்லில் இந்தப் பயம் மொத்தமும் கழன்றுபோகிறது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் பழைய ஆட்கள் ஃபேரி என்ற பேரையே உச்சரிக்க மாட்டார்கள். 'நல்லவர்கள்' என்பார்கள். நல்லவர்கள் என்பதால் இல்லை. நாம் ஏன் நல்ல பாம்பு என்கிறோம்? அதே காரணம்தான்.

சரி, தோழி பின்பற்றும் வழி கிர்க் காலத்திலிருந்து வருவதா? இல்லை. அதை அவரே ஒப்புக்கொள்வார். இன்றைய பேகன் சூனிய மரபான விக்காவை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் 1951இல் ரத்தானது, 1954இல் அவர் புத்தகம் வந்தது. நியூ ஃபாரஸ்ட் பகுதியில் தப்பிப் பிழைத்த ஒரு பழங்காலக் குழு தனக்குத் தீட்சை கொடுத்தது என்றார். கார்ட்னர் முன்வைத்த சூனிய மதம் கிறிஸ்தவத்துக்கு முந்தைய காலத்திலிருந்து அறுபடாமல் வந்ததல்ல, நவீன காலத்தில் கோத்தது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் விரிவாகக் காட்டிவிட்டார். எட்டுப் பண்டிகைகளில் நான்கு பழைய கேலிக் பருவநாட்கள். மற்ற நான்கு, சூரியன் திரும்பும் நாட்களும் பகலிரவு சம நாட்களும். இரண்டையும் சேர்த்து ஒரே சக்கரமாக்கியது 20ஆம் நூற்றாண்டு வேலை. கலிஃபோர்னியாவில் விக்டர் ஆண்டர்சன், கோரா ஆண்டர்சன் தம்பதி வளர்த்த ஃபெரி (Feri) மரபு தனிக் கிளை. அங்கே தீட்சை பெற்ற ஸ்டார்ஹாக் 1979இல் எழுதிய புத்தகம் வழியாகத்தான் பெண் தெய்வமும் சுற்றுச்சூழல் போராட்டமும் ஒன்றாகப் பலருக்குப் போய்ச் சேர்ந்தன.

ஆக, முழுக்க எழுபது, எண்பது வயசுக்குள் அடங்கும் மதம். இங்கிலாந்து, வேல்ஸ் 2021 கணக்கெடுப்பில் பேகன் என்று எழுதிக்கொடுத்தவர்கள் சுமார் 74,000 பேர், விக்கா என்று எழுதியவர்கள் 13,000 பேர். சிரித்த கட்சிக்கு என் பதில் இதுதான்: புதிது என்பது ஒரு குற்றமா? எல்லா மதமும் ஒருநாள் எழுபது வயசில் இருந்ததுதான். பழசு என்று பொய் சொன்னால் அந்தப் பொய்யைப் பிடியுங்கள்.

மார்தட்டிய கட்சிக்குக் கொஞ்சம் கசப்பான பதில் இருக்கிறது. நம் பக்கத்தோடு இந்த ஆட்களுக்குத் தொடர்பு நிஜமாகவே உண்டு, நீங்கள் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான். கார்ட்னர் 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் ரப்பர், சுங்க இலாகா. அயர்லாந்து, ஸ்காட்லாந்து போன்ற கெல்டிய நாடுகளில் சுற்றி ஃபேரி நம்பிக்கைகளைத் திரட்டி 1911இல் பெரிய புத்தகமாகப் போட்ட அமெரிக்கர் எவான்ஸ்-வென்ட்ஸ், 1935 ஜனவரியில் திருவண்ணாமலையில் ரமணர் முன்னால் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். அந்த உரையாடல் அச்சில் இருக்கிறது. தியோசாஃபிகல் சொசைட்டியின் (பிரம்மஞான சபை) தலைமையகம் 1882இலிருந்து நம் அடையாறு. பூவுக்கு நிறம் தீட்டும், செடியை வளர்க்கும் குட்டி இயற்கை ஆவிகள் என்ற கருத்தைப் பரப்பியதில் அவர்களுக்குப் பெரிய பங்கு. 1917இல் காட்டிங்லி கிராமத்தில் இரண்டு சிறுமிகள் ஓடைக்கரையில் எடுத்த ஃபேரி புகைப்படங்களை உலகுக்குக் கொண்டுவந்தவரும் ஒரு தியோசாஃபிஸ்ட்தான், எட்வர்ட் கார்ட்னர் (இவர் வேறு கார்ட்னர்). ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலே நம்பிப் புத்தகம் எழுதினார். படத்தில் இருப்பவை அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியில் குத்தி நிறுத்தியவை என்று அந்தப் பெண்கள் 1983இல், பாட்டிகளான பிறகு, ஒப்புக்கொண்டார்கள். அதிலும் ஒருவர் கடைசிப் படம் மட்டும் நிஜம் என்று சாகும் வரை சாதித்தார்! எனக்கு அந்தப் பாட்டியை ரொம்பப் பிடிக்கும்.

ஆக நம்மூர் முகவரியிலிருந்து ஏதாவது அங்கே போயிருந்தால், அது இந்தப் பூப்பறிக்கும் இனிப்பு ஃபேரியில் ஒரு பங்குதான். மர வழிபாடு இல்லை.

என் சண்டை அந்த இனிப்போடுதான். இறக்கையே 18, 19ஆம் நூற்றாண்டு ஓவியர்களும் நாடக மேடையும் ஒட்டியது. இன்றைக்கு ஒரு பேகன் சந்தையில் போய் நின்றால் இறக்கை, ஜிகினா, 'உங்கள் ஃபேரி வழிகாட்டியைச் சந்தியுங்கள்' என்று ஒரு நாள் வகுப்பு. தோழியோடு ஒன்றில் உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொன்னார்கள், காட்டுக்குள் நடக்கச் சொன்னார்கள், அங்கே ஒருத்தி வருவாள், உனக்குப் பரிசு தருவாள், வாங்கிக்கொள் என்றார்கள். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு அபர்ஃபாயில் கிழவி அந்த அறையில் இருந்திருந்தால், வாங்காதே என்று கத்தியிருப்பாள். வாங்கக் கூடாது என்பதுதானே அந்தக் கதைகளின் முதல் விதி? கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன், தோழி முறைத்தார்.

"பயம் இருந்தால்தான் மதமா?" என்று அவர் திரும்பி வரும்போது கேட்டார். "பிரிஜெட் கிளியரியை மறந்துவிட்டாயா?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் அந்தக் கதையை முழுதாகப் படித்தேன். அயர்லாந்தின் டிப்பெரேரி, 1895 மார்ச். பிரிஜெட்டுக்கு வயது 26, தையல்காரி. சொந்தமாகத் தையல் மெஷின், கோழி வளர்ப்பு, கையில் தன் காசு. காய்ச்சலில் படுத்தாள். இவள் என் பெண்டாட்டி இல்லை, அவளைக் குன்றுக்குள் கொண்டுபோய்விட்டு ஃபேரிகள் மாற்றி வைத்த உருவம் இது என்றான் கணவன் மைக்கேல். மூலிகையைப் பாலில் காய்ச்சி வாயில் திணித்தார்கள். 'நீ பிரிஜெட்தானா, சொல்' என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்பாவும் நெருங்கிய உறவுகளும் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். கடைசியில் அவளை எரித்தான். அப்புறம் ஃபேரிகளின் வீடு என்று நம்பிய பக்கத்து மண்கோட்டையில் இரவில் போய்க் காத்திருந்தான், நிஜ மனைவி வெள்ளைக் குதிரையில் வருவாள், கட்டை அறுத்து மீட்டுக்கொள்ளலாம் என்று. கொலையல்லாத மரணம் விளைவித்தல் என்று தீர்ப்பு, 20 வருஷத் தண்டனை, 15 வருஷத்தில் வெளியே வந்துவிட்டான்.

படித்துவிட்டு இரண்டு நாள் பதில் சொல்லவில்லை. தன் காசு வைத்திருந்த, சொன்ன பேச்சைக் கேட்காத பெண்ணை 'இது அவள் இல்லை' என்று சொல்ல ஒரு நம்பிக்கை வசதியாகக் கையில் இருந்தது. அந்தப் பயம் போய்த் தொலைந்தது நல்லதே. இறக்கை ஒட்டியாவது போகட்டும்.

ஆனாலும் அதே அயர்லாந்தில் அதே பயம் இன்னொரு வேலையும் செய்திருக்கிறது. நாடு முழுக்க வட்டமான மண்கோட்டைகள் சுமார் 45,000 இருக்கின்றன. தொல்லியல் ஆட்களைக் கேட்டால், பெரும்பாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய பண்ணை வீடுகளின் எல்லைக்கரை என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அது நல்லவர்களின் வீடு. அதனால் நிலத்துக்கு அலைந்த ஏழை விவசாயிகூட அதன்மேல் ஏர் ஓட்டவில்லை. எந்த அரசு இலாகாவும் காவல் நிற்காத காலத்தில் இவ்வளவு தொல்லியல் இடங்கள் தப்பியதற்கு அந்தத் தயக்கம் ஒரு முக்கியக் காரணம்.

1999இல் கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்ற இடத்தில் புதிய சாலைக்காக ஒரு ஒற்றை முள்மரத்தை வெட்ட இருந்தார்கள். மன்ஸ்டர் மாகாணத்து ஃபேரிகள் கானக்ட் மாகாணத்து ஃபேரிகளோடு சண்டைக்குப் போகும்போது கூடும் இடம் அது, வெட்டினால் சாலையில் உயிர்கள் போகும் என்று எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பேகன் குருவெல்லாம் இல்லை, கிழவர்களிடம் கதை சேகரிப்பவர். உலகமே சிரித்தது. சாலையைச் சற்று மாற்றிப் போட்டார்கள். 2002இல் யாரோ ராத்திரியில் மின்ரம்பத்தோடு வந்து கிளைகளை மொட்டையடித்துவிட்டுப் போனார்கள். மரம் மறுபடி துளிர்த்தது.

இதைத்தான் தோழியிடம் சொன்னேன். மைக்கேல் கிளியரியின் பயம் அடுத்தவள் கழுத்தைப் பிடித்தது. ஏர் ஓட்டாத விவசாயியின் பயம் அவன் கையைத்தான் பிடித்தது. முதலாவதைத் தூக்கிப் போடுங்கள், இரண்டாவதை ஏன் சேர்த்துப் போட்டீர்கள்? பயம் என்ற சொல் பிடிக்கவில்லையா, கூச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைய வருமே ஒரு கூச்சம், அது.

அது இல்லாததால் நடப்பதை டூன் ஹில்லிலேயே பார்த்தேன். படத்தில் அழகாக விழுந்த அந்த மரத்தை நெருங்கினால் பாதிக்குமேல் நைலான், பாலியெஸ்டர், பிளாஸ்டிக் மணி. கிணற்றடி மரத்தில் துணி கட்டும் பழைய ஸ்காட்டிஷ் வழக்கத்தில் துணி மக்க வேண்டும், மக்க மக்கத்தான் நோய் இறங்கும். நைலானில் கட்டிய நோய் எப்போது இறங்குவது? ஸ்கை தீவின் ஃபேரி கிளெனில் இன்னும் மோசம். வருகிறவர்கள் கல்லைப் பெயர்த்து வட்டம் வட்டமாக அடுக்கி 'சடங்கு' செய்துவிட்டுப் போகிறார்கள், உள்ளூர்க்காரர்கள் வந்து வந்து கலைக்கிறார்கள். அந்த வட்டத்துக்கு எந்தப் பழமையும் கிடையாது. இயற்கையைக் கும்பிட வந்தவர் இயற்கையின் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றி வைக்கிறார்.

தோழி கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம், பத்து வருஷமாகச் செப்டம்பரில் அந்தக் குன்றுக்குப் போய் நைலானை மட்டும் அறுத்துப் பையில் கட்டி எடுத்து வருவதாகவும், அதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் வைத்திருப்பதாகவும் சொன்னார். அவருடைய ஃபேரி வழியில் அதுவும் ஒரு பூஜை போலிருக்கிறது. இரும்புக் கத்தரிக்கோலா என்று கேட்டேன். "பித்தளைக் கைப்பிடி" என்று மழுப்பினார்.

அக்டோபர் 31, அந்த எட்டில் ஒன்றான சவின் பண்டிகைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இறந்தவர்களுக்கும் நல்லவர்களுக்கும் தட்டு வைப்பார்கள், ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்துகொண்டு போக வேண்டும். தீபாவளி நேரம், எப்படியும் முறுக்கு சுடுவோம், கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். தாராளமாக, ஆனால் அவர்கள் தட்டில் வைப்பதில் உப்பு கூடாது, அவர்களுக்கு ஆகாது என்றார். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவனிடம்! உப்பு போடாமல் முறுக்கு சுட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், மாவு பிழிய வருமா, வாயில் வைக்க வருமா என்று கீழே சொல்லுங்கள்.