மாமோகிராம் பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தி தவறு

“அம்மாவுக்கோ அக்காவுக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் மாமோகிராம் பக்கமே போகாதீர்கள், அந்தக் கதிரே நோயைக் கொண்டுவந்துவிடும்” என்று கடலூர், புதுச்சேரி குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்பாதீர்கள். மாமோகிராம் என்பது மார்பகத்தை எடுக்கும் எக்ஸ்ரே படம்தான். ஒரு தடவை எடுத்தால் உடம்பில் படும் கதிர்வீச்சு சுமார் 0.4 மில்லிசீவெர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), நாம் வீட்டில் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் 7 வாரத்தில் வந்து சேருகிற அளவுதான். அமெரிக்கப் புற்றுநோய் சங்கத்தின் இணையதளத்திலேயே இதைப் பார்க்கலாம். சொல்லப்போனால் குடும்பத்தில் நோய் இருப்பவர்களுக்குத்தான் பரிசோதனை முன்னாடியே தேவைப்படும், மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பொதுவாக 25 வயதிலிருந்தே எம்ஆர்ஐ, 30க்கு மேல் மாமோகிராமும் சேர்த்து வருடாவருடம் எடுக்கச் சொல்வார்கள். கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டிகூடப் படத்தில் தெரியும்போது, பயந்துபோய் யாராவது எடுக்காமல் விட்டுவிடுவார்களே என்பதுதான் என் கவலை. சந்தேகமா, ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதையும் போடுங்கள்.