மீட்டரை விடுங்கள், சிக்னலைப் பற்றிப் பேசுவோம்

ஆள் வராமலே ரீடிங்கைத் தானாக அனுப்புகிற ஸ்மார்ட் மீட்டர் வேண்டும் என்கிற கட்சி நான். இதைச் சொன்னாலே அடிக்க வருகிறார்கள், தெரியும். ஆனால் என் காரணம் வேறு. தமிழ்நாட்டில் கரண்ட் பில்லைத் தீர்மானிப்பது நாம் எரிக்கிற யூனிட் மட்டும் இல்லை. ரீடிங் எடுக்க ஆள் எந்த நாளில் வருகிறார் என்பதும்தான்.

கணக்குப் போட்டே பார்ப்போம். 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தை எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் விலை ஏறியிருக்கிறது, ஆனால் அமைப்பு அதேதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ப் படி காணாமல் போய், 101லிருந்தே 4.50 ஆகிவிடும். 500க்கு மேல் 600 வரை ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய், அதற்கு மேல் இன்னும் ஏறும்.

ஒரு வீட்டில் நாளைக்கு 8 யூனிட் என்று வையுங்கள். அறுபதாவது நாள் ரீடிங் எடுத்தால் 480 யூனிட், பில் 1,605 ரூபாய். நாலு நாள் தள்ளி எடுத்தால் 512 யூனிட், பில் 2,046. கூடுதலாக 32 யூனிட்டுக்கு 441 ரூபாய்! "அடுத்த தடவை 56 நாளில் எடுப்பாங்க, சரியாப் போயிடும்" என்பார்கள். போகாது. அந்த 448 யூனிட்டுக்கு 1,413 ரூபாய். இரண்டு பில்லையும் கூட்டினால் 3,459. இரண்டு தடவையும் சரியான நாளில் எடுத்திருந்தால் 3,210தான். எந்தத் தப்பும் செய்யாமல் 249 ரூபாய் அழுகிறோம். ஏசி ஓடுகிற மே மாதத்தில் எத்தனை வீட்டில் இது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வருகிற கணக்கீட்டாளர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஒருத்தர் தலையில் எத்தனை தெரு? நாய், பூட்டிய கேட், மாடிப்படிக்கு அடியில் இருட்டில் இருக்கிற மீட்டர் பெட்டி என்று அவர் பாடு தனி. 2020 ஊரடங்கில் ஆளே வர முடியாமல் முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னார்கள். பிறகு நாலு மாத ரீடிங்கைப் பிரித்துக் கணக்குப் போட்ட விதத்தை எதிர்த்து வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது.

ரேடியோ அலையில் ரீடிங் போனால் இந்தத் தொல்லை இருக்காது. பில் நாளின் நள்ளிரவில் மீட்டர் தானாகவே ரீடிங்கைப் பதிந்துகொள்ளும். அதை அனுப்புவது அடுத்த வேலை. மாதா மாதம் கணக்கெடுப்போம் என்று 2021 தேர்தலில் திமுக கொடுத்த வாக்குறுதிக்கும் இதுதான் வழி. எல்லார் வீட்டுக்கும் மாதம் ஒரு தடவை ஆள் அனுப்புவது நடக்கிற காரியமா?

ஆனால் நம்மூர் விவாதத்தில் மீட்டர் வேகமாக ஓடுமா, யாருக்கு டெண்டர் என்பதற்கு மேல் பேச்சு நகர்வதே இல்லை. சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களுக்கான 82 லட்சம் மீட்டர் டெண்டர், விலை அதிகம் என்று 2024 டிசம்பரில் ரத்தானபோதும் பேச்சு அதோடு முடிந்தது. மீட்டரிலிருந்து ரீடிங் எந்த வழியில் போகப்போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

வழி முக்கியமாக இரண்டு. ஒன்று, ஒவ்வொரு மீட்டருக்குள்ளும் சிம் போட்டு செல்போன் டவர் வழியாக அனுப்புவது. இன்னொன்று ஆர்எஃப் மெஷ், அதாவது மீட்டர்களே ரேடியோ அலையில் பின்னிக்கொள்கிற வலை. இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி உரிமம் தேவைப்படாத அலைவரிசை இருக்கிறது. அதில் உங்கள் மீட்டர் பக்கத்து வீட்டு மீட்டரிடம் கொடுக்கும், அது அடுத்ததிடம். திருவிழாவில் தண்ணீர்க் குடத்தைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொண்டுபோவது மாதிரி, கடைசியில் கம்பத்தில் இருக்கிற சேகரிப்புப் பெட்டிக்கு வந்து சேரும். நடுவில் ஒரு மீட்டர் செத்தால் வேறு பாதை பிடித்துக்கொள்ளும். கரண்ட் மீட்டருக்கு இது வசதி, ஏனென்றால் எப்போதும் மின்சாரம் இருக்கிறது. ஊருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கலாம். பேட்டரியில் பல வருடம் ஓட வேண்டிய தண்ணீர் மீட்டரால் முடியாது. அது பெரும்பாலும் தூங்கி, எப்போதாவது எழுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

தி.நகர் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்துக்கு மெஷ்தான் சரி என்பது என் கட்சி. அங்கே ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் மீட்டர் மாட்டியாகிவிட்டது. சென்னை அடுக்குமாடிகளைப் பாருங்கள். கார் நிறுத்துமிடத்தில் கான்கிரீட்டுக்கு அடியில், இரும்புக் கதவு போட்ட அலமாரிக்குள்ளே முப்பது மீட்டர். அங்கே நின்று போன் பேசினாலே "ஹலோ ஹலோ"தான். அதே சமயம், தோப்புக்கு நடுவில் ஒற்றை வீடு இருக்கிற கிராமத்தில் மெஷ் வேலைக்கு ஆகாது, குடத்தை வாங்க அடுத்த கை இருக்காது. அங்கே சிம் போடட்டும். மாநிலம் முழுக்க ஒரே வழி என்று முடிவெடுத்தால் ஏதோ ஒரு பக்கம் கோட்டை விடுவோம்.

சிம்மில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பிரிட்டனில் நடுப்பகுதியிலும் தெற்கிலும் 2ஜி, 3ஜி வழியாகப் பேசுகிற மீட்டர்களை வைத்தார்கள். 2033க்குள் அந்த நெட்வொர்க்குகளையே மூடப்போகிறார்கள். அப்போது சுமார் 70 லட்சம் மீட்டர்கள் இப்போதுபோல வேலை செய்யாது என்று அந்த நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2023இல் சொன்னது. நாம் போடுகிற சிம் எந்த ஜி, அது நின்றால் மாற்றுகிற செலவு யாருடையது? ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்ல வேண்டிய கேள்வி இது.

அடுத்தது நான் ஒத்துக்கொள்ளாத விஷயம். இந்த அலைவரிசையில் ரீடிங் போவது மாதிரியே உத்தரவும் வரும். மின்வாரிய அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால் இங்கே கரண்ட் போகும். 2020 ஆகஸ்ட் 12, கிருஷ்ண ஜெயந்தி அன்றைக்கு உத்தரப் பிரதேசத்தில் தவறான கட்டளை போய், லக்னோ உட்பட பல ஊர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருட்டில் உட்கார்ந்தன. பில் கட்டியவர்களுக்கும் அதே கதிதான். மத்திய அரசின் 2021 ஆகஸ்ட் அறிவிக்கையோ, தொலைத்தொடர்பு வசதி இருக்கிற இடங்களில் விவசாயம் தவிர எல்லாருக்கும் ப்ரீபெய்டு முறையிலேயே ஸ்மார்ட் மீட்டர் என்றது. பேலன்ஸ் தீர்ந்தால் கட். ரீசார்ஜ் செய்தும் சிக்னல் மீட்டருக்குப் போய்ச் சேராவிட்டால்? ஆக்சிஜன் கருவி ஓடுகிற வீடாக இருந்தால்? ரீடிங் எடுக்க மட்டும் வை, கட்டணத்தை எப்போதும்போலப் பின்னால் வாங்கிக்கொள் என்று தமிழ்நாடு அடம்பிடித்தே ஆக வேண்டும்.

கதிர்வீச்சு பயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மீட்டர் பேசுவது விட்டு விட்டுச் சில நொடிகள்தான், நாள் முழுக்கச் சட்டைப் பையில் போனை வைத்திருக்கிற நாம் அதைப் பற்றிக் கவலைப்படுவது வேடிக்கை. தகவல் கசிவுதான் எனக்கு நிஜமான கவலை. அரை மணிக்கு ஒரு தடவை கணக்கெடுத்தால், நீங்கள் எப்போது எழுகிறீர்கள், எந்த வாரம் ஊரில் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். நெதர்லாந்தில் 2009இல் இதே காரணத்துக்காகத்தான் கட்டாய ஸ்மார்ட் மீட்டர் சட்டத்தை மேலவை நிறுத்தியது. அமெரிக்காவில் பழைய வகை ரேடியோ மீட்டர்கள் பூட்டே இல்லாமல் ரீடிங்கை ஒலிபரப்புகின்றன. சின்ன யுஎஸ்பி ரிசீவரும் லேப்டாப்பும் இருந்தால் பொழுதுபோக்குக்காரர்கள்கூட அதைப் படித்துவிடுகிறார்கள்.

நம் வீட்டு மீட்டர் பற்றி நமக்கே தகவல் வர வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது. மின் நுகர்வோர் உரிமை விதிகளில் 2023 ஜூனில் செய்த திருத்தத்தின்படி ஸ்மார்ட் மீட்டரை நாளைக்கு ஒரு முறையாவது தொலைவிலிருந்து படிக்க வேண்டும், அந்தத் தகவலை நுகர்வோரிடம் பகிர வேண்டும். இதோடு ஒரு வரி சேர்க்கச் சொல்கிறேன்: பில் நாளில் சிக்னல் கிடைக்கவில்லை என்றால் சராசரி போட்டு பில் அனுப்பக் கூடாது. மீட்டருக்குள் அந்த நள்ளிரவுக் கணக்கு பத்திரமாக இருக்கும், ஆள் வந்து அதை எடுத்துக்கொண்டு போகட்டும். இப்போது தெருத்தெருவாக நடக்கிற கணக்கீட்டாளர்களுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம். வீட்டுக்கு வீடு மீட்டர் எங்கே இருக்கிறது என்று அவர்களைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

புது மீட்டர் மாட்ட வந்தால் பழைய மீட்டரின் கடைசி ரீடிங்கை, மீட்டர் எண்ணும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பில் சந்தேகமாக இருந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 2024இல் வந்த திருத்தப்படி ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பக்கத்தில் மாட்டி, குறைந்தது மூன்று மாதம் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டியாக வேண்டும்.